மண்ணெண்ணெய்க் கார்

பிள்ளையள், நேற்று கிரின்ஸ்டெட் நகரத்தைத் தாண்டிப் பழைய றோட்டில் வரேக்க, ஒரு சின்ன ஊர் முகப்பில் மரத்தால் செய்த பெரிய எருதுச் சிலை நின்றது. அதன் காலடியில் ஒரு கிழவர் அந்தக்கால டிராக்டரை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன். மண்ணெண்ணெய்ப் புகை!

"நிப்பாட்டாதேங்கோ அப்பா, நேரம் போகுது" என்று இரண்டு பேரும் டெனிஷில் கத்தினீங்கள்.

அந்தப் புகை என்ர அப்பாவின்ர ஒஸ்ரின் காரின்ர மணம். சண்டையில் அரசாங்கம் கிளிநொச்சிக்குப் பெற்றோலை மறித்திருந்த காலம். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். எஞ்சின் நின்றால் லேசில் திரும்ப ஸ்டார்ட் வராது. ஆனால் கண்டி றோட்டில் போற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்துத்தான் போகும்.

"நிப்பாட்டாதேங்கோ அத்தான், பேந்து ஆர் தள்ளுறது?" என்று மாமா பின்சீற்றிலிருந்து கெஞ்சுவார்.

"பெற்றோலைத்தானே மறிச்சவங்கள்? பிள்ளையாரையும் மறிச்சவங்களோ?" என்று அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டிவிடுவார்.

தேங்காய் சிதறும். சுடச்சுட வறுத்த கச்சான் கடலை வாங்குவோம். பிறகு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திட்டித் திட்டித் தள்ளுவார். வாய் நிறையக் கச்சானோடு நானும் தள்ளுவேன். கரும்புகை கக்கிக்கொண்டு கார் கிளம்பும். ஒருநாளும் பிள்ளையாரடியில் நிற்காமல் போனதில்லை.

அதுதான் நேற்று நானும் எருதடியில் எஞ்சினை நிப்பாட்டி, இந்தக் கதையைச் சொன்னேன்.

"எங்கட காரும் திரும்ப ஸ்டார்ட் வராட்டி?" என்று சின்னவள் பகிடியாகக் கேட்டாள்.

"தள்ளுவம்," என்றேன். "இப்ப இறங்குங்கோ."