உப்புச் சாக்கின் அடியில் ஒரு லேத்

துறைமுகச் சாலையில், கழித்த கப்பல் சாமான்கள் விற்கும் கடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. நான் பார்க்க வந்த அதே லேத்துக்காக இன்னொருவர் கோவில்பட்டியில் பஸ் ஏறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

"பதினொண்ணுக்கு வந்துருவாவ சார். அதுக்குள்ள நீங்க சரின்னு சொன்னா உங்களுக்கு. இல்லன்னா அவுகளுக்கு."

கப்பல் பட்டறை ஒன்றிலிருந்து கழற்றிய சிறிய கடைசல் இயந்திரம் அது. மேசைமேல் வைத்துவிடலாம். வீட்டில் சிறு உறுப்புகள் கடைவதற்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் மனைவியின் கருத்து. பாலிடெக்னிக்கில் பட்டறைப் பாடம் நடத்தியவள் அவள். ஓய்வுபெறும் தறுவாயில் உள்ளங்கையளவு நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கி, பிஸ்டன் தவிர மற்ற யாவற்றையும் முடித்திருந்தாள். அவள் போய்ப் பத்து மாதங்கள் ஆகின்றன. பிஸ்டனை நான் கடைவதென்று தீர்மானித்திருந்தேன். இயற்பியல் பேராசிரியனாக இருந்தவன் நான். என் கையால் ஒரு திருகாணியைக்கூடச் செய்தவனில்லை.

லேத்தை மூடியிருந்த கோணியைக் கடைக்காரர் உருவினார். ஆறுமுகநேரி உப்பளத்துச் சாக்கு. எதையேனும் மூடவேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் முதலில் கைக்கு அகப்படுவது அதுதான்.

"அண்ணாச்சி, இது உப்புச் சாக்குல்லா?"

"ஆமா. நல்லா ஒதறிட்டுத்தான் போட்டோம்."

வெட்டும் உளி நகர்ந்து செல்லும் இரும்புப் பாதையில், கடையும் உருளையைப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குத் துரு படர்ந்திருந்தது. மேல்துருவா, உள்ளே அரித்துவிட்டதா என்று அறிய உப்புத்தாளை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தேச்சியன்னா நீங்கதான் எடுக்கணும் சார். உள்ள பள்ளம் கெடந்து நீங்க வேண்டாம்னு போய்ட்டா, பெறவு இத எவன் வாங்குவான்?"

அந்தக் கடைகளில் அதுதான் வழக்கமாம். துருவுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று விற்பவரும் பார்ப்பதில்லை; வாங்குகிறவர் வாங்கிய பிறகே பார்க்கவேண்டும்.

மிஞ்சியது அவள் சொல்லியிருந்த சோதனை. உருளையின் ஒரு முனையைச் சக்கில் இறுக்கி, மறுமுனையைத் தாங்கலின்றி விட்டு, மேலாக ஒரு சீவல் எடுத்து, இரு முனைகளிலும் குறுக்களவைப் பார்க்கவேண்டும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வரை போகலாம். மூன்றென்றால் பாதை தேய்ந்துவிட்டது. அதில் கடையும் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகும், அல்லது ஆவியை ஒழுகவிடும். பிஸ்டனுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த பித்தளை உருளையையே கொண்டுபோயிருந்தேன். வேறு உருளை என்னிடம் இல்லை.

கடைக்காரரே லேத்தை ஓட்டினார். வெளிமுனையில் தொடங்கிச் சக்கை நோக்கி உளி நகர்ந்தது. அவளுடைய மைக்ரோமீட்டரால் அளந்தேன். வெளிமுனையில் 24.61. சக்கின் அருகில் 24.64.

மூன்று.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிய? புடிக்கலையா?"

உருளையைக் கழற்றினேன். சக்கின் அருகே வெட்டிய பகுதி விரலைச் சுட்டது. சூடேறிய உலோகம் விரியும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தவன், கடைசியாக வெட்டப்பட்ட முனையைச் சூட்டோடு அளந்திருக்கிறேன். அவளாயிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

"இது ஆறணும் அண்ணாச்சி. இருபது நிமிஷம்."

"ஆறட்டும். கோவில்பட்டி பஸ்ஸு ஆறிக்கிட்டு நிக்காது."

உருளையைச் சிமெண்டுத் தரையில் கிடத்தினேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரரின் கைபேசி ஒலித்தது. "எங்கன வாரிய? எட்டயபுரம் தாண்டியாச்சா? சரி, சரி" என்றார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து மைக்ரோமீட்டரை எடுத்தபோது, அதைப் பிடிக்க என்னை நான் நம்பவில்லை. இரண்டு வரவேண்டும் என்று விரும்புகிறவன் சற்றே அதிகமாக இறுக்கினால் இரண்டு வந்துவிடும். எனக்கு என்ன எண் வேண்டும் என்பதைக் கடைக்காரர் அறியார். கருவியை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க அளங்க. மூணு தடவ 'டிக்'குனு சத்தம் வந்ததும் நிறுத்திருங்க. எண்ண மட்டும் சொல்லுங்க."

"ஏவாரியவே அளக்கச் சொல்லுத ஆள இப்பத்தான் பாக்கேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளிமுனையை அளந்து, "இருபத்திநாலு, அறுவது" என்றார். சக்கின் பக்கத்துக்கு வந்தார். ஒரு டிக். இரண்டு. மூன்று. வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"அறுவத்திரெண்டு."

"இன்னொரு தடவை."

"அதே அறுவத்திரெண்டுதான் சார். எத்தன தடவ பாத்தாலும் அதான்."

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கைபேசியில், "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய, இங்க ஒரு சார் முடிச்சிட்டாவ" என்று கோவில்பட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனி தேச்சுப் பாத்துக்கிடுங்க. ஒங்க சாமான். ஆமா, வீட்ல யாரு சார் இத ஓட்டுவா?"

"நான்தான்."

"தெரியுமா?"

"தெரியாது."

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 'சக்'கை இறுக்கும் சாவியை என் கையில் வைத்தார்.

"இத இறுக்கின கையோட உருவிரணும். மறந்து சுவிட்சப் போட்டியன்னா மூஞ்சிக்குத்தான் பறந்து வரும். எங்க, போடுங்க பாப்பம்."

போட்டேன். இறுக்கினேன். உருவினேன்.

"இன்னொரு தடவ" என்றார்.