பூங்கொடியின் கணுக்கால்

1. கையெழுத்து

துருக்கியில் ஒரு கடலோர ஊர். டென்னிஸ் தகுதிச் சுற்றான குவாலிஃபையிங்கின் கடைசி ரவுண்டில், மூன்றாவது செட்டில் தோற்றுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சூப்பர்வைசர் அறைக்குப் போய் லக்கி லூசர் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். மெயின் டிராவில், அதாவது முக்கியப் போட்டியில், இருக்கும் யாராவது காயத்தாலோ காய்ச்சலாலோ ஆடாமல் விலகினால், குவாலிஃபையிங்கில் தோற்ற ஒருத்திக்கு அந்த இடம் கிடைக்கும். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. நீங்கள் டி.வி.யில் பார்க்கும் டென்னிஸ் இல்லை நாங்கள் ஆடியது. பந்து பொறுக்க ஆள் இருக்காது. பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்கும் பெண்கள்தான். ஹோட்டல் பாத்ரூமில் துணி துவைத்து, காயாவிட்டால் ஈரமாகவே மடித்து அடுத்த ஊருக்கு எடுத்துப்போவோம். போன வருஷம் இதே சமயத்தில் வாங்கிய ரேங்கிங் பாயிண்ட் அந்த வாரத்தோடு கழிந்துவிடும். புதிதாக ஒன்று வராவிட்டால் ரேங்கிங்கிலிருந்தே என் பெயர் போய்விடும்.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தேன்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"தோத்துட்டேம்மா. யாராவது விலகினா சான்ஸ் இருக்கு."

"யாருக்காவது உடம்புக்கு வந்தாத்தானே விலகுவா? அதுக்கு நான் பெருமாளை என்னன்னு சேவிக்கறது?"

போனை வைத்துவிட்டு ரூமுக்கு நடந்தேன்.

2. ரூம்

பூங்கொடி என் ரூம்மேட். மருங்காபுரிப் பெண், என்னைவிட மிகவும் சின்னவள். அப்பாவுக்கு மானாவாரி நிலம், கடலை போடுவார். அவள் திருச்சியில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கண்டோன்மென்ட் பக்கம் நான் பிராக்டிஸ் செய்த கோர்ட்டிலேயே ஆடி வளர்ந்தவள். ரேங்கிங்கில் என்னைத் தாண்டிப் போய்விட்டதால் நேராக மெயின் டிராவில் இருந்தாள்.

நான் ரூமுக்கு வந்தபோது கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மதியம் பிராக்டிஸில் பந்தை மிதித்து வலது கணுக்கால் மடங்கிவிட்டதாம். வெளிப்பக்கம் வீங்கியிருந்தது. ஐஸ் வாங்கி வந்து துண்டில் சுற்றிக் கட்டிவிட்டேன்.

"பிசியோ என்ன சொல்றாரு?"

"டேப் போட்டு ஆடலாம்கறாருக்கா. உனக்கு எப்படி இருக்கோ பாத்துக்கன்னும் சொல்றாரு."

நடந்து காட்டச் சொன்னேன். ஜன்னல் வரை நேராகப் போனாள். திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. ஆடட்டுமா?"

ஆடத் தொடங்கிப் பாதியில் விட்டாலும் முதல் ரவுண்டுப் பணம் வரும். ஆடாமலே விலகினால் ஒன்றும் வராது. அதனால்தான் நொண்டிக்கொண்டே கோர்ட்டில் இறங்குபவர்கள் உண்டு. எனக்கு அவள் ஆடக்கூடாது என்றுதான் பட்டது. என் கணுக்காலும் முன்பு போயிருக்கிறது. திரும்பும்போது வரும் அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால், தன் தராசு சரி என்று கடைக்காரரே சாட்சி சொல்வது போல இருக்கும்.

"கொடி, நீ விலகினா அந்த எடத்துல நான்தான் ஆடுவேன். தெரியும்ல?"

"தெரியும்."

"அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளு. ஆடாத."

ஐஸ் துண்டைக் கணுக்காலில் மறுபடி இறுக்கிக்கொண்டாள். பிறகு "சரிக்கா" என்றாள்.

குட்டி குக்கரில் சாதம் வைத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய பொடியில் சாத்தமுது, அதாவது எங்கள் வீட்டு ரசம். பூங்கொடி எப்போதும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொள்வாள். அன்று கேட்கவில்லை.

3. ஜெயித்த மேட்ச்

காலையில் அவளே போய் விலகுவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிட்டார்கள். எதிரே இடது கை ஆட்டக்காரி ஒருத்தி. என் கால்கள் முதல் கேமிலிருந்தே கனத்தன. நான் நன்றாக ஆடினேன் என்று சொல்ல மாட்டேன். அவள் என்னைவிட அதிகமாகத் தப்பு செய்தாள், அவ்வளவுதான். ஜெயித்தேன். பாயிண்ட் வந்தது.

பூங்கொடி வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். முடிந்ததும் கைதட்டினாள். அவள் பக்கம் திரும்ப முடியாமல், ராக்கெட்டைப் பையில் வைப்பதிலேயே நேரத்தைக் கடத்தினேன்.

சாயங்காலத்துக்குள் திருச்சிக்குச் செய்தி போய்விட்டது. அவளுடைய கோச் போன் செய்தார்.

"ஏங்க, பிசியோவே ஆடலாம்னு சொல்லியிருக்காரு. நடுவுல நீங்க எதுக்குங்க?"

"அவ கேட்டா, சொன்னேன்."

"கேட்டா நீங்க சொல்லலாமா? லிஸ்ட்டுல மொத ஆளே நீங்கதான?"

"அதையும் அவகிட்ட சொல்லிட்டுத்தாங்க சொன்னேன்."

"என்னமோங்க" என்று வைத்துவிட்டார். அடுத்த ரவுண்டில் சீக்கிரமே தோற்றேன்.

4. ஸ்கேன்

ஊருக்கு வந்ததும் தில்லைநகரில் பூங்கொடிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நானும் போனேன். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. மருங்காபுரியிலிருந்து பஸ் பிடித்து அவள் அப்பா வந்திருந்தார். தசைநாரில் லேசான கிழிசல், சில வாரம் ரெஸ்ட் போதும் என்றார் டாக்டர்.

"ஆடியிருந்தா என்ன ஆயிருக்கும் சார்?" நான்தான் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். முழுசா கிழிஞ்சும் இருக்கலாம். அத இப்ப எப்படிங்க சொல்றது?"

வெளியே பெஞ்சில் அவள் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ எடத்துல நீங்க ஆடுனீங்களாம்."

"ஆமாங்க."

"ஜெயிச்சீங்களா?"

"ஒரு மேட்ச்."

"சரி. ரெண்டு பேரு போனதுல ஒருத்தராவது ஜெயிச்சீங்களே" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கால் ஆறி பூங்கொடி மறுபடி ஆட வந்தாள். எதிரே பார்த்தால் பேசுவாள். ஆனால் அந்த வருஷம் முழுக்க வேறு பெண்ணோடு ரூம் போட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. மறு வருஷம் ஒரு நாள் கோர்ட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, "அக்கா, புனே வர்றீங்களா? ரூம் போட்டுடட்டுமா?" என்றாள். "போடு" என்றேன். அந்தக் கணுக்காலைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

இப்போது நான் ஆடுவதில்லை, சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூர் போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வதுண்டு. கூட ஆடுபவள் தன் உடம்பைப் பற்றி உன்னிடம் கேட்டால், அதில் உனக்கு என்ன லாபம் என்பதை முதலில் சொல்லிவிடு. பிறகு மனதில் பட்டதைச் சொல். நம்புவதும் நம்பாததும் அவள் பாடு. நம்பாவிட்டால், அந்த வருத்தத்தையும் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டியதுதான்.