அரசப்பன் ருசி பார்த்த வண்டி

என் தம்பி அரசப்பன் பிறந்ததிலிருந்தே பாதி விழிப்பில் இருப்பவன். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் உச்சி வெயிலில் நின்று ரோட்டைப் பார்த்தால், அங்கே போகிற கார்கள் தரையில் ஓடுகிற மாதிரியே இருக்காது. கானலின் மேல் மிதந்து போகும். எல்லாருக்கும் தெரிகிறதுதான். மற்றவர்கள் பார்த்துவிட்டு உப்பு இழுக்கிற பலகையைத் தள்ளப் போய்விடுவார்கள். இவன் பலகையில் தாடையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கார் மறைகிறவரை மனசாலேயே கூடப் போய்விட்டு வருவான். பன்னிரண்டு வயதில் பாத்தியில் இறங்கியவன், இப்போது ஐம்பத்தாறு. எத்தனை கார்களோடு போய் வந்திருப்பான், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. பாத்தித் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தால், உப்பு இன்றைக்கு இறங்குமா நாளைக்கா என்று சொல்லிவிடுவான். முதலாளி கண்ணாடிக் குழாயை விட்டு அளந்து பார்த்துவிட்டு, அப்புறமும் இவனைக் கூப்பிட்டுக் கேட்பார். முதலாளியின் டிராக்டரையும் இவன்தான் ஓட்டுவான்.

அவன் மனைவி அமராவதி இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் உப்பைத் தலையில் சுமந்தவள். மகளைக் கட்டிக்கொடுத்தது போக, இரண்டு பேர் கையிலும் சேர்ந்து நின்றது இரண்டு லட்சத்து இருபதாயிரம். அது எதற்கென்று எங்கள் தெருவுக்கே தெரியும். தை பிறந்ததும் எட்டுப் பாத்தி குத்தகைக்கு வருகிறது. அதற்கு முன்பணம். ஒரு வருஷமாவது தன் உப்பைத் தானே அள்ள வேண்டும் என்பது அமராவதியின் ஆசை.

மார்கழியில் அரசப்பன் பெரிய முதலியார்சாவடிக்கு ஒரு சாவுக்குப் போனான். திரும்பி வந்தவன் முகத்தில் சாவு வீட்டுக் களையே இல்லை. அங்கே தமிழரசன் என்பவன் பழைய கார் விற்கிறானாம். அவன் கொட்டகையில் ஒரு வெள்ளை எஸ்யூவியாம். விலை இரண்டு லட்சமாம்.

"ஏறி உக்காந்தா கடலு தெரியுதுக்கா."

"கடலப் பாக்கணும்னா நடந்து போடா. ரோட்டத் தாண்டுனா கடலு."

"நடந்து போய்ப் பாக்கறதும் உக்காந்து பாக்கறதும் ஒன்னா?"

அமராவதி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "அண்ணி, அந்த வண்டில எட்டுப் பாத்தி தெரியுதான்னு கேளுங்க."

நான் விடுவேனா? மெக்கானிக் கௌதமைப் போய்ப் பார்த்தேன். வண்டி வாங்குகிற விலையைப் பார்க்காதீங்க ஆயா, வைத்துக்கொள்கிற விலையைப் பாருங்க என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நாலு டயர். பேட்டரி. வருஷா வருஷம் இன்சூரன்ஸ். வெளி மாநில நம்பர் வண்டி என்றால் நம் பக்கத்து நம்பருக்கு மாற்ற வரி. கிளட்ச் போனால் அது தனி. டீசலைக் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் அமராவதி வரப்பில் உட்கார்ந்து உப்புக் கட்டிகளை வரிசையாக வைத்தாள். ஒரு கட்டி பத்து நாள் கூலி. டயருக்கு ஆறு கட்டி. இன்சூரன்சுக்கு நாலு. வரிக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் ஒரு கை அள்ளி வைத்தாள். வரிசை வரப்பு முனை வரைக்கும் போனது. அரசப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், மார்கழிப் பனியில் கட்டிகள் கசிந்து பாதியாகிக் கிடந்தன.

"பாத்தியா அமராவதி, கணக்கு கரைஞ்சிட்டுது" என்று சிரிக்கிறான். இவனை என்ன செய்வது?

ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், டீசல் மட்டும் உங்களுடையது என்று தமிழரசன் வண்டியைக் கொடுத்தனுப்பினான். விடிகிற நேரம். நான் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என்னைத் தூக்காத குறையாக முன்சீட்டில் ஏற்றினான். அமராவதி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

என்னத்தைச் சொல்ல! பனி தரையோடு படுத்திருந்தது. இரண்டு பக்கமும் பாத்திகள் வானத்தைப் பிடித்து வைத்திருந்தன. மேலேயும் வெளுப்பு, கீழேயும் வெளுப்பு. வண்டி நடுவில் சத்தமில்லாமல் போனது. இந்த அறுபத்தைந்து வயசுவரை நான் குனிந்தே பார்த்த இடம் அது. மேலேயிருந்து பார்த்தால் யார் ஊரோ மாதிரி இருந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு என் கண் மட்டத்துக்குப் பறந்து வந்தது. கானலில் மிதந்து போகிற காருக்குள்ளே இருக்கிறவர்களுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பொம்மையார்பாளையம் வந்தபோது மனசு மாறிவிட்டது. மறைப்பானேன்?

"வாங்கிடுடா" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பின்சீட்டிலிருந்து அமராவதி மெதுவாகச் சொன்னாள்.

"காலு எரியுது."

"ஏசியக் குறைக்கட்டா?"

"அதில்ல. பாத்தில நின்னா எரியுமே, அந்த எரிச்சலு."

உப்பளத்துக்காரி பாதம் முழுக்க வெடிப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் அது பொய் சொல்லாது. அரசப்பன் வண்டியை ஓரம் கட்டினான். பின்பக்கம் போய்க் கால் வைக்கிற விரிப்பைத் தூக்கினான். அடியில் பஞ்சு ஈரமாக இருந்தது. விரலால் அழுத்தி நாக்கில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தடவை வைத்தான்.

"நம்ம பாத்தித் தண்ணி இல்ல. கடலு."

ஏதோ ஒரு புயலில் இந்த வண்டி கடல் தண்ணீரில் நின்றிருக்கிறது. காய வைத்து, துடைத்து, வாசனை அடித்து விற்கிறார்கள். உள்ளே தங்கிய உப்பு ஒவ்வொரு பனிக்கும் ஈரத்தை இழுக்கிறது. சீட்டைத் தாங்குகிற இரும்பை அவன் நகத்தால் சுரண்டினான். செதில் செதிலாக வந்தது. உப்பளத்தில் பலகை மரம், கூடை மூங்கில். இரும்பை நாங்கள் பாத்தியோரம் வைப்பதே இல்லை. அதைத் தெரிந்தவன்தான் இவனும்.

கொட்டகைக்கே நேராகப் போனோம்.

"பெங்களூரு வண்டிண்ணே, கடலக் கண்ணால பாத்ததில்ல!" என்றான் தமிழரசன். அரசப்பன் விரலை நீட்டி, "நீயே நக்கிப் பாருப்பா" என்றான். தமிழரசன் பார்க்கவும் பார்த்தான். அவன் முகம் போன போக்கில், அவனையும் எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்தது. உடனே ஐம்பதாயிரம் குறைத்தான்.

"ஒன்னரைக்கே எடுத்துக்கங்கண்ணே."

"குடுக்கறான்ல, வாங்குடா" என்றேன் நான், வண்டியை விட்டு இறங்காமலே.

"இரும்புல ஏறுன உப்பு இறங்காதுக்கா. அது பாட்டுக்குத் தின்னுகிட்டே இருக்கும். நாம இழுக்கற உப்பெல்லாம் அதுக்கே போட முடியுமா?"

சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டியின் முன்பக்கத்தை ஒரு தடவை தடவினான், சந்தையில் மாட்டை விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி. பஸ்ஸில் மரக்காணம் வருகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அமராவதி அவன் கையைப் பிடித்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தையில் எட்டுப் பாத்திக்கும் முன்பணம் கட்டினார்கள். பங்குனியில் முதல் உப்பு இறங்கியது. மூட்டை கட்டி, லாரிக்காக ரோட்டோரம் அடுக்கிவிட்டு அரசப்பன் என்னைக் கூப்பிட்டான். நாலு மூட்டை உயரத்துக்கு அடுக்கி, மேலே சாக்கு விரித்து, ஏறுவதற்குப் படி மாதிரி இரண்டு மூட்டையும் போட்டிருந்தான்.

"ஏறி உக்காருக்கா. அளந்துதான் போட்டேன். அதே உசரம்."

உட்கார்ந்தேன். எட்டுப் பாத்தியும் தெரிந்தது. நடுவில் அமராவதி பலகையில் தாடையை ஊன்றிக்கொண்டு, தன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கடலும் கொஞ்சம் தெரிந்தது.

"எப்டிக்கா இருக்குது?"

"ஏசி இல்லையேடா" என்றேன். ஒன்னரைக்கு அந்த வண்டியை வாங்கியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு லாரி வருகிறவரை நான் கீழே இறங்கவில்லை.