இருபத்தொன்றாம் நாள் மிஸ்டு கால்

கால்நடை ஆய்வாளராக இருந்த கடைசி வருடத்தில், புதூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பசுவுக்கு நான்கு முறை சினை ஊசி போட்டேன். முதல் இரண்டும் நிற்கவில்லை.

உறைந்த விந்து வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் திறந்தால் வெண்புகை வழிந்து கரிசல் வெடிப்புகளுக்குள் இறங்கும். வெயில் கொதிக்கிற இடத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் மார்கழி. அந்தப் புகைக்குள்ளிருந்து ஜெர்சிக் கலப்புக் காளையின் விந்துக் குச்சியை எடுப்பேன். தாயின் பால், பாட்டியின் பால் எல்லாம் அளந்து தேர்ந்தெடுத்த வம்சம். அந்தக் காளையை நான் பார்த்ததே இல்லை. எங்கோ மின்விசிறிக்கடியில் நின்றபடியே இந்தப் பக்கத்துக் கன்றுகளில் பாதிக்கு அப்பனாகியிருந்தது.

விதி எளியது. காலையில் பசு பருவத்துக்குக் கத்தினால் மாலையில் ஊசி. வீட்டுக்காரர் மில் வேலைக்காரர். எப்போதும் காலையில் போன் செய்து, "இப்பதான் சார் கத்துது" என்பார். நான் மாலைவரை காத்திருந்து போவேன்.

மூன்றாம் முறை ஊசி போட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "இதுவும் நிக்கலைன்னா மாட்டு யாவாரிட்ட தள்ளிருவேன் சார்."

கை கழுவ அவர் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த பசு அது. தரையைப் பார்த்தபடி, "நேத்துக் காலையிலேயே கத்த ஆரம்பிச்சிட்டு" என்றாள்.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"ராத்திரி வந்ததும் சொன்னேன்லா. எப்பவும் போல விடியட்டும்னு படுத்திட்டீய."

"ஏம்மா, நீயே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே?"

"இதப் போயி ஆம்பளையாள்ட்ட எப்படி சார் சொல்ல?"

ஆக, மூன்று முறையும் ஒரு முழு நாள் தாமதம். அதற்கு மேல் என் விதியும் அரை நாள் சேர்த்திருக்கிறது. பகலெல்லாம் பசுவோடு இருந்தவளை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. படிவத்தில் உரிமையாளரைத்தானே கேட்கச் சொல்லியிருக்கிறது!

"பேச வேண்டாம்மா. கத்தினதும் மிஸ்டு கால் மட்டும் குடு" என்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று அவரையும் சம்மதிக்க வைத்தேன்.

எதிர்பார்த்தபடி அந்த ஊசியும் நிற்கவில்லை. பருவம் திரும்பும் இருபத்தொன்றாம் நாள் காலை மிஸ்டு கால் வந்தது. மாலையில் போனேன். பசுவின் பின்புறம் கண்ணாடி போன்ற வழும்புத் திரவம், சரியான நேரம். புகை அன்றைக்கு மெதுவாக இறங்கியதுபோல் இருந்தது.

மறுபடியும் இருபத்தொன்றாம் நாள். கத்தினால் இந்த ஊசியும் நிற்கவில்லை என்று அர்த்தம். போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மதுரை ரயில் போயிற்று, வெயில் சுவரேறி இறங்கிற்று. போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் அவள் எண்ணிலிருந்து மிஸ்டு கால்.

இதுவும் போயிற்று என்று நினைத்தபடி திருப்பிக் கூப்பிட்டேன்.

"கத்தல சார்" என்றாள். போனில் அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் முறை. "நேத்தும் கத்தல, இன்னைக்கும் கத்தல. யாவாரிய வர வேண்டாம்னு சொல்லச் சொல்லி அவுககிட்ட சொல்லிட்டேன்."

அவளுக்குப் பின்னால் பசு நிதானமாக அசைபோடுகிற சத்தம் கேட்டது.