ஒன்பது மணிப் பூட்டும் சின் வம்சமும்

1. பூட்டு

கும்பகோணத்தில் அரசுத் தேர்வுக்கான பயிற்சி மையம் ஒன்றில் பதினோரு வருடம் வரலாறு நடத்தினேன். சேர்ந்த அன்றே ஒரு ரூல் போட்டேன். காலை ஒன்பதுக்கு வகுப்புக் கதவைப் பூட்டிவிடுவேன். லேட்டாக வந்தால் ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் இலவச சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஒரே மாதத்தில் லேட்டாக வருகிறவர் ஒருவர்கூட இல்லை. நிர்வாகி பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்சென்ட் கூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

2. குத்தாலம் பஸ்

ஐப்பசி மழையில் செல்வி என்ற மாணவிக்கு இரண்டு ஆப்சென்ட் விழுந்தது. குத்தாலத்தில் குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டே படித்தவர். அவருக்கு வயது வரம்பு அந்த வருடத் தேர்வோடு முடிகிறது. இன்னொன்று விழுந்தால் சீட் போய்விடும்.

மறுநாள் நேரத்துக்கு வந்துவிட்டார். பாடம், சீனாவின் சின் வம்சம். ஆறு நாடுகளைப் பிடித்து, எடை, எழுத்து, வண்டி அச்சு வரை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கியவர்கள். சட்டத்தில் இம்மி பிசகமாட்டார்கள். அதனாலேயே எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். ஆனால் பதினைந்தே வருடத்தில் கவிழ்ந்தார்கள். எல்லைக் காவலுக்குப் போன ஆட்கள் வழியில் மழையில் மாட்டிக்கொண்டார்கள். லேட்டாகப் போனால் மரண தண்டனை. கலகம் செய்தாலும் அதேதான்.

"என்ன செஞ்சிருப்பாங்க, சொல்லுங்க?" என்று கேட்டேன்.

செல்வி எழுந்தார். "போயிருக்க மாட்டாங்க சார். ஆடுதுறையில ரோட்டுல தண்ணி நின்னப்ப, நானும் ரெண்டு நாளு பாதி வழியில எறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டேன். லேட்டா வந்தாலும் ஆப்சென்ட், வராட்டியும் ஆப்சென்ட். அப்புறம் எதுக்கு சார் வரணும்?"

வகுப்பே சிரித்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் வெட்கம்.

"கலகம் பண்ணாங்கம்மா" என்றேன். "நாளைக்கு எவ்வளவு லேட்டானாலும் வாங்க. கதவு தொறந்திருக்கும்."

3. திறந்த கதவு

மறுநாளும் மழை. ஒன்பதாகியும் கதவு திறந்திருந்ததைப் பார்த்து நிர்வாகி வந்தார். "என்ன சார், நீங்க போட்ட ரூல்தானே?"

"ஆமாங்க. அதான் நானே எடுத்துட்டேன்."

ஒன்பதரை ஆயிற்று. செல்வி வரமாட்டார் என்றே நினைத்தேன். பத்து மணிக்கு, முழங்கால்வரை சேற்றோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தத் தேர்வில் பாஸானார். இப்போது கிராம நிர்வாக அலுவலர்.

இன்று ரூல் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். லேட்டாக வருகிறவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் வருவதற்கு ஒரு காரணத்தை மிச்சம் வையுங்கள்.

செல்விக்கு முன்பே இரண்டு பேர் சீட் இழந்திருந்தார்கள். ரூலை எடுத்த அன்றே, திரும்ப வரச் சொல்ல அவர்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "பரவாயில்ல சார், திருப்பூருக்கு வேலைக்கு வந்துட்டேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.