போர்வையின் நடுவில்

அப்போது மலாயாவில் ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெஸர், மருந்து கட்டுபவன். தொழிலாளர் லயத்தில் குடியிருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்மணி ஒருவர், வீட்டார் ஒவ்வொருவரின் பழந்துணியிலும் ஒரு துண்டு வெட்டி, ஒரு மாதமாக ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம். நூலை எப்போதும் பல்லால்தான் கடிப்பார்.

அவருடைய மகள் அம்மை கண்டு இறந்தாள். பிள்ளையின் துணிகளை எரிக்கப் போனேன். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். போர்வையின் நடுவில் மகளின் சிவப்புப் பாவாடைத் துண்டு தெரிந்தது.

"அந்தப் போர்வையையும் குடும்மா."

"இது நோவு வரதுக்கு முந்தி வெட்டுனது, ஐயா."

"இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும். குடு."

போர்வையை மார்போடு இறுக்கிக்கொண்டார். பிறகு தையலைப் பல்லால் கடித்துக் கடித்துப் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் என் கையில் வைத்தார்.

"மத்தவங்க உசிரோட இருக்கோம், ஐயா."

மறுவாரம் போர்வை கொடியில் காய்ந்தது. நடுவிலிருந்த ஓட்டையை அவர் அடைக்கவில்லை. நூல் பிரியாதபடி ஓரம் மடித்துத் தைத்திருந்தார்.