பெயரை மட்டும் மறைத்தேன்

தொண்டு நிறுவனங்களும் இயக்கங்களும் சொல்வது மெய்யா என்று துருவிப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் எங்கள் ஆய்வு மையத்தின் தொழில். பிறர் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டுப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தத் தொழிலில் பயம் எந்தப் பக்கம் அதிகம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். மையம் சென்னையில் இருந்தது. நான் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கல்வராயன் மலைப் பகுதி விசாரணைகளைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது.

கச்சிராயபாளையத்தில் ஒரு காலை

சடையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில். மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. கூரைமேல் நின்று புளி மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் முதல் பஸ்ஸில் போயிருந்தேன். வண்டிக்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் டீக்கடை ஓரமாகவே நின்றேன்.

அவனே இறங்கி வந்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "எம்பேர எழுதலியே சார்?" என்று கேட்டான். எழுதவில்லை என்றேன். அது உண்மைதான். சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாக்கியம். அதை நான் சொல்லவில்லை. அவன் முகம் தெளிந்தது.

"அப்புறம் நான் இன்னாத்துக்குப் பயந்துக்கினு கெடக்கணும்? ஏறுங்க சார், வெள்ளிமல வரைக்கும் போய்க்கினு வரலாம்."

குறுக்கே ஒரு கோடு

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு மனுவின் நகலைச் சென்னையிலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். மலைமேல் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மொத்தமும் நிலத்தை விட்டுவிட்டுக் கீழே குடிவரச் சம்மதிக்கிறது என்று ஒரு சங்கம் அரசாங்கத்துக்குக் கொடுத்த மனு அது. பக்கம் பக்கமாகக் கைநாட்டு. அந்தச் சம்மதம் மெய்யா என்று பார்ப்பது என் வேலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு ரேகையின் குறுக்கேயும் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஓர் ஊரே ஒரே கத்தியில் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருக்க முடியாது.

விசாரிக்க மலைக்குப் போனபோது ஜீப்பில் முன் சீட்டு கிடைத்தது. டிரைவர் சடையனின் கை கியரின்மேல் இருந்தது. கட்டைவிரலில் அந்தக் கோடு. சின்ன வயதில் குச்சிக்கிழங்கு வெட்டும்போது பட்டது என்று, நான் கேட்காமலே சொன்னான். திரும்பும்போது எல்லோரும் இறங்கியபின் தாளைக் காட்டினேன்.

வண்டியை ஓரம் கட்டினான். ரோடு கேட்டு மனு என்று சங்கத்துச் செயலாளர் சொன்னாராம். அவன் ஊர் ஆண்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார்கள்; ஊருக்கு நல்லதுதானே, நீயே எல்லோருக்கும் வைத்துவிடு என்றாராம். ரோடு வந்தால் முதலில் போவது தன் ஜீப்தான் என்று நம்பிக் கைநாட்டு வைத்திருக்கிறான். அதில் உண்மையில் எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டான்.

"நான் வெச்சேன்னு தெரிஞ்சா ஊர்க்காரன் வெட்டுவான். உங்களாண்ட சொன்னேன்னு தெரிஞ்சா சங்கத்துக்காரன் வெட்டுவான். நீங்க யாராண்ட சொல்லப் போறீங்க சார்?"

அடையாளக் குறிப்பு

எங்கள் மையத்தில் ஒரு விதி. சாட்சி கேட்டுக்கொண்டால் பெயரை விட்டுவிடலாம். ஆனால் கட்டுக்கதை என்று யாரும் சொல்லாதிருக்க ஓர் அடையாளம் எழுத வேண்டும். நான் விதி தவறாதவன். 'மலைப்பாதையில் ஜீப் ஓட்டுபவர். இடது கட்டைவிரலில் குறுக்காக வெட்டுத் தழும்பு உள்ளவர்' என்று எழுதினேன். கையெழுத்துகூட அன்று அழகாக வந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. அறிக்கையை வெளியிடுமுன் விசாரிக்கப்பட்டவர்களுக்கே ஒரு பிரதி அனுப்பிப் பதில் கேட்பார்கள். இரண்டு விதியும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருமுறைகூட யோசித்ததில்லை. சென்னைக்குப் போயிருந்த ஒரு நாள், சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் பிரதி போய்விட்டது என்று சொல்லிவிட்டு இயக்குநர் என்னைப் பாராட்டினார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. பேரே இல்ல, ஆனா ஆள் அப்படியே கண்ணு முன்னால வந்து நிக்கிறான்."

தண்ணீர் கேட்டு வந்தவர்கள்

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். என் மனைவி மீனாட்சி அப்போது இருந்தாள்; அவள்தான் வாசலுக்குப் போனாள். சார் கைரேகை பார்ப்பாராமே, எங்களுக்கும் பார்ப்பாரா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். ஒருவன் தன் கட்டைவிரலை நீட்டி, இதில் ஒன்றும் இல்லையே என்று அவளிடம் காட்டினானாம். அவர்கள் போனபிறகும் நான் கதவுப் பக்கம் வரவில்லை.

அவள் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பயம் உங்களுக்காகன்னா இங்கியே குந்திக்கினு இருங்க. அந்த டிரைவருக்காகன்னா காலையில மொத பஸ்ஸுக்குப் போயி சொல்லிட்டு வாங்க."

போனேன். கச்சிராயபாளையத்தில் நான் சொன்னதும் சொல்லாததும் மேலே இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசல்

மூன்றாம் நாள் ஜீப் ஒரு வளைவுக்குக் கீழே கிடந்தது. ஆள் யாரும் ஏறவில்லை, அவன் மட்டும்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். குடித்திருந்தான் என்றும் சொன்னார்கள். அவன் குடிப்பவன் இல்லை. தள்ளினார்களா, தானாகப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரையே விசாரித்தவன் அதை மட்டும் விசாரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார். ஜீப்பில் வருகிறவன் என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அவன் வண்டில எத்தினி பேரு ஏறியிருப்பாங்க. வந்தது நீங்க ஒருத்தருதான் சார்."

மனு திரும்பப் பெறப்பட்டது, நான் வேலையை விட்டேன், அந்த ஊர் இன்னும் ரோடு இல்லாமல் அதே இடத்தில் இருக்கிறது, பெயர் வெளியே வராதபடி நான் பத்திரமாகக் காப்பாற்றிய சாட்சியின் கட்டைவிரல் என் இரும்புப் பெட்டியில், அந்த மனு நகலில் பக்கம் பக்கமாக இருக்கிறது.